சிங்கப்பூருக்குப் போன தவளைப் பொடி

விமானத்தில் கொடுத்த குடிநுழைவு அட்டையிலேயே, போதைப்பொருள் கடத்தினால் மரண தண்டனை என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். வருகிற விருந்தாளியிடம் இவ்வளவு மனம் திறந்து பேசும் ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. அட்டையைப் படித்து முடித்துவிட்டுச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பஞ்சில் சுற்றிய சின்னக் கண்ணாடிக் குப்பி பத்திரமாக இருந்தது. குப்பிக்குள் வெள்ளைப் பொடி.

சுங்க அதிகாரி தமிழர். நம்ம ஆள், பிழைத்தோம் என்று நினைத்தேன்.

"என்னா இது?"

"தவளைத் தோல் சார்."

"தோலா? இதுவா?"

"தோல்ல இருந்து எடுத்த பெப்டைடு சார். கிருமியைக் கொல்லும்."

"இத யாரு சாப்பிடுறது?"

"யாரும் சாப்பிடறதில்ல சார். மனுஷ செல்லுல போட்டு, சாகுதான்னு பாக்கணும்."

இந்தப் பதிலை இன்னும் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம். நம்ம ஆள் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மற்றொருவரைக் கூப்பிட்டார். எங்கள் ஊரில் எந்தக் கதவையும் திறக்கும் பல்கலைக்கழக முத்திரைக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். ஒருவரும் அதைத் தொடவில்லை. கடைசியில் துளியூண்டு பொடியை ஏதோ திரவத்தில் போட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்த்தார்கள். மாறவில்லை. "போங்க," என்றார் நம்ம ஆள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

விஷயம் இதுதான். மதுரையில் எங்கள் பேராசிரியர் தவளைமேல் பித்துப் பிடித்தவர். சேற்றிலேயே புரளும் தவளையின் புண் ஏன் சீழ் பிடிப்பதில்லை? அதன் தோலில் ஊறும் வழுவழுப்பில் சின்னஞ்சிறு புரதத் துண்டு ஒன்று இருக்கிறது. அதைத்தான் பெப்டைடு என்கிறோம். அது கிருமியின் மேலுறையில் ஓட்டை போட்டுக் கொன்றுவிடும். இதைக் களிம்பாக்கி ஊர் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் பூசிப் பார்க்க வேண்டும் என்பது பேராசிரியரின் கனவு. அங்கே பேசியும் முடித்துவிட்டார். ஒரே ஒரு சின்னக் கேள்வி மட்டும் பாக்கி இருந்தது: கிருமியைக் கொல்வது மனிதச் செல்லையும் கொல்லுமா?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மனிதச் செல்லை வளர்க்க வேண்டுமென்றால் முதலில் மின்சார வாரியத்தைத் திருத்த வேண்டும். ஆகவே பேராசிரியருக்குத் தெரிந்த சிங்கப்பூர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு என்னை அனுப்பினார். குப்பியில் இருந்தது ஒரு மழைக்காலத்தின் மொத்த மகசூல். பாதியைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம். மறு பாதியைத் தொடாமல் வார்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இது உத்தரவு.

அந்த வார்டுக்கு அவரோடு நானும் ஒரு முறை போயிருக்கிறேன். ஸ்டவ் வெடித்து வந்த ஒரு பெண், கொசுவலைக்குள்ளிருந்தபடி, "அந்த மருந்து எப்ப வரும் தம்பி?" என்று கேட்டார். "சீக்கிரம் வந்துடும்க்கா," என்றேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று என் அம்மா நம்புவதைப் போலவே அந்தப் பெண்ணும் நம்பிவிட்டார்.

தங்கியது தமிழர்கள் நிறைந்த தேக்கா வட்டாரத்தில், மாரிமுத்து மாமா வீட்டில். சிறு வயதிலேயே வந்து குடியுரிமை வாங்கிக்கொண்டவர். ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை. வீடு அடுக்குமாடியில் ஏழாவது மாடி. லிஃப்டோ ஐந்தில் நிற்கும், ஒன்பதில் நிற்கும், இடையில் இருப்பவர்களைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. ஐந்தில் இறங்கி மேலே ஏறுவதா, ஒன்பதில் இறங்கிக் கீழே வருவதா என்பதில் மாமாவுக்கும் அத்தைக்கும் பல வருஷமாகக் கருத்து வேற்றுமை. எனவே ஒரே குடும்பம் இரண்டு மாடிகளிலிருந்து வீடு வந்து சேர்ந்தது.

வீட்டில் தொலைபேசி உண்டு. அதன் டயலில் குட்டிப் பூட்டும் உண்டு. "வர்றவன் போறவன்லாம் ஊருக்குப் பேசுனா நான் கப்பலைத் தூக்கித்தான் வித்தாகணும்," என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் மாமா.

காலையில் கீழே கடையில் 'பிராட்டா' சாப்பிட்டோம். பரோட்டாவுக்குத்தான் இங்கே அப்படிப் பெயர். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் அதைச் சீனியில் தொட்டுச் சாப்பிட்டார். நான் மதுரைக்காரன். பரோட்டாவை இப்படி அவமானப்படுத்துவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த முதல் மதுரைக்காரன் நானாகத்தான் இருப்பேன். சுங்கத்தில் ஏற்கெனவே என் முகம் பழகிவிட்டதால் வாயைத் திறக்கவில்லை.

பிறகு பஸ். எங்கள் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் என்று ஒருவர் இருப்பார். நாம் தூங்கிப்போனாலும் தோளில் தட்டி, "இறங்குய்யா, உன் ஸ்டாப்பு," என்று உரிமையோடு திட்டி இறக்கிவிடுவார். இங்கே ஓட்டுநர் மட்டும்தான். யாராவது ஊர்ப் பெயரைக் கூவுவார்கள் என்று நான் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். பஸ் காலியாகி இன்ஜின் நின்றபோது உட்லண்ட்ஸ் வந்திருந்தது. எதிரே கடற்பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூர். அங்கிருந்து வேலைக்கு வரும் கூட்டம் என்னை இடித்துக்கொண்டு போனது. மலாய்க்கார ஓட்டுநர், மலேசியாவுக்கு நடந்தே போய்விடலாம், தூரமில்லை என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார். இன்னொரு நாட்டுச் சுங்கத்தில் போய்த் தவளைத் தோல் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன்.

"மொத நாளே லேட்டு லா," என்று அந்த ஊர் வழக்கப்படி 'லா' ஒட்டி வரவேற்றார் ரீட்டா. அங்கே ஆராய்ச்சி மாணவி; சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஞாயிறு தவறாமல் மாதா கோயில், மற்ற நாட்களில் தவறாமல் என்னைக் கேலி.

"வழி தவறி உட்லண்ட்ஸ் போயிட்டேங்க."

"எதுக்கு? பிக்னிக்கா?"

ஆய்வுக்கூடத்தின் தலைவர் டாக்டர் லிம் என்ற அம்மையார். ஒருவருக்குச் சொல்ல அவர் இரண்டு வார்த்தைகளுக்கு மேல் செலவழித்ததை நான் பார்க்கவில்லை: 'குட்', 'மறுபடி'. இதில் முதல் வார்த்தையை யாருக்கும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

எனக்குக் கொடுத்தவை புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்து வருஷக்கணக்காக வளர்த்துவரும் செல்கள். "புது ஆளுக்கு இதான் சேஃப். நீங்க என்னா செஞ்சாலும் வளரும்," என்றார் ரீட்டா. "சாதாரணத் தோல் செல்லு ரொம்ப பிகு பண்ணும். அத டாக்டர் லிம்கிட்ட தனியா கேட்டுத்தான் வாங்கணும்."

குடுவையின் அடியில் செல்கள் பாய் விரித்ததுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே இளஞ்சிவப்பு ஊட்டத் திரவம். பொடியைக் கரைத்து அதில் விட்டேன். மறுநாள் திரவத்தைக் கொட்டிவிட்டு, மூன்று முறை கழுவி, செல்களைப் பிரித்தெடுத்து நீலச் சாயம் சேர்த்தேன். செத்த செல் நீலத்தைக் குடிக்கும், உயிருள்ளது குடிக்காது. கழுவுவது எங்கள் ஆய்வுக்கூடப் பழக்கம். கிருமிக் குழம்பைச் சுழற்றினால் வேண்டியது அடியில் தங்கும், மேலே நிற்பது அழுக்குத் தண்ணீர், அதைக் கொட்டு, மூன்று முறை கழுவு என்று பேராசிரியர் தட்டச்சு செய்து சுவரிலேயே ஒட்டிவைத்திருக்கிறார். அச்சில் இருப்பதை மீறுகிற வழக்கம் எங்கள் வீட்டில் என்னோடு தொடங்க வேண்டாம் என்று நானும் கழுவினேன்.

நுண்ணோக்கியில் எங்கு பார்த்தாலும் பளிச்சென்று நிறமற்ற செல்கள். நீலம் தேடினாலும் கிடைக்கவில்லை.

அன்று மாலை மாமா சாவியைக் கொடுத்தார். மதுரையில் பேராசிரியர் துள்ளிக் குதித்தது கம்பி வழியே கேட்டது. "நான் அப்பவே சொன்னேனா இல்லையா? களிம்பு அடைக்கிற டப்பாவுக்கு இன்னைக்கே சொல்லிடுறேன். நீ வந்து இறங்கின மறுநாள் வார்டுல ஆரம்பிச்சுடலாம்!"

மறுநாள் டாக்டர் லிம் என் கணக்கைப் பார்த்தார். "மறுபடி," என்றார்.

அதைக் கொண்டாட ரீட்டா என்னைக் கேலாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார். மண்சட்டியில் இஞ்சி, காய்ந்த மிளகாய், கறுப்புக் குழம்பு, பக்கத்தில் வெள்ளைக் கஞ்சி. குழம்புக்குள்ளிருந்து மடித்த கால் ஒன்று எட்டிப் பார்த்தது.

"உங்க சொந்தக்காரங்க வந்திருக்காங்க. விசாரிங்க," என்றார் ரீட்டா.

தவளை! கடைக்காரரிடம் தோலை என்ன செய்வீர்கள் என்று கேட்கச் சொன்னேன். ரீட்டா சீனத்தில் கேட்டு, பதிலைத் தமிழாக்கினார்: "தூக்கிக் கடாசிடுவாராம். தோலை எவன் வச்சுக்குவான்னு கேக்குறாரு." முழங்கால் சேற்றில் நின்று ஒரு மழைக்காலம் முழுக்க நான் சேர்த்ததை இந்த மனிதர் ஒரே மாலையில் வாளியில் கொட்டுகிறார். ருசி எப்படி என்று எழுதினால் வீட்டில் சேர்க்க மாட்டார்கள். இரண்டாவது சட்டியும் வந்தது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அடுத்த சோதனையின்போது ரீட்டா பக்கத்து மேசையில் இருந்தார். நான் குடுவையைத் தொட்டிக்கு மேலே சாய்த்ததும் பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏய், ஏய்! என்னா கொட்டுறீங்க?"

"பழைய திரவம்."

"உள்ள மிதக்குதே, அது என்னா?"

"தூசி."

"தூசியா? தூசியாம் லா! சாகப்போற செல்லு பிடியை விட்டுட்டு மேல வந்துடும். இத்தனை நாளா இப்பிடித்தான் கழுவுனீங்களா?"

"மூணு தடவை."

ரீட்டா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். "பொணத்தை எல்லாம் சிங்க்ல ஊத்திட்டு, மிச்சம் இருக்கிறவனை மட்டும் எண்ணி, யாரும் சாகலைன்னு ஊருக்கு வேற ஃபோன் போட்டிருக்கீங்க!"

சிங்கப்பூரின் பாதிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். கண் விழிக்குமுன் தெருக்குப்பையை அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். குப்பையே போடாத மக்கள் என்று நாமும் மெச்சிக்கொள்கிறோம். நான் தொட்டியில் அதையே சிறிய அளவில் செய்திருந்தேன்.

இந்த முறை திரவத்தைச் சுழற்றி, மிதந்தவற்றை எடுத்துப் பார்த்தோம். அத்தனையும் செல்கள். ஆனால் அவையும் அநேகமாக நீலத்தைக் குடிக்கவில்லை! "அப்ப உயிரோட இருக்கா?" என்று ஆவலாகக் கேட்டேன். ரீட்டா வேறொரு சாயத்தைச் சேர்த்து மறுபடி காட்டினார். ஒவ்வொன்றின் உட்கருவும் அறுந்த பாசிமணிபோலச் சிதறியிருந்தது.

செல்கள் சாவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று எங்கள் ஊர்ச் சாவு: வீங்கி, வெடித்து, உள்ளே இருப்பதையெல்லாம் தெருவில் கொட்டி, அக்கம்பக்கத்தையும் புண்ணாக்கிவிட்டுத்தான் போகும். மற்றது திட்டமிட்ட சாவு. போகவேண்டும் என்று உத்தரவு வந்ததும் செல் சுருங்கும். தன் டி.என்.ஏ.வைத் தானே துண்டு துண்டாக நறுக்கும். எல்லாவற்றையும் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, பக்கத்தில் இருப்பவர் விழுங்கிக்கொள்ள வசதியாக வைத்துவிட்டுப் போகும். உறை நெடுநேரம் கிழியாததால் சாயம்கூட உள்ளே நுழையாது. கூச்சல் இல்லை, சிந்தல் இல்லை, இடம் சுத்தம். விண்ணப்பித்திருந்தால் அந்தச் செல்களுக்கு உடனே குடியுரிமை கொடுத்திருப்பார்கள்.

டி.என்.ஏ.வை ஜெல் என்ற கூழ்ப்பாளத்தில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டதும் சந்தேகமும் போயிற்று. அளவாக நறுக்கிய துண்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏணிப்படிபோல நின்றன. வெடித்துச் செத்திருந்தால் வெறும் தீற்றலாகத் தெரிந்திருக்கும். ஆக, கிருமியிடம் ரவுடிபோல ஓட்டை போடும் என் பெப்டைடுக்கு மனிதச் செல்லைக் கண்டதும் நாகரிகம் வந்துவிடுகிறது. "புறப்படு," என்று சொல்கிறது. செல்லும் புறப்பட்டுவிடுகிறது.

மாமாவிடம் மறுபடி சாவி கேட்டேன். முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

"செல்லு சாகுது சார்," என்றேன்.

"என்ன செல்லு?" என்றார் பேராசிரியர்.

"புற்றுநோய்ச் செல்லு சார்."

"டேய்! அதை முதல்ல சொல்ல மாட்டியா? கேன்சருக்கு மருந்துடா இது!"

காலையில் தீக்காயக் களிம்பாக இருந்த பொடி, ஒரு வெளிநாட்டு அழைப்பு முடிவதற்குள் புற்றுநோய் மருந்தாகிவிட்டது. நோபல் கமிட்டிக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லாததுதான் பாக்கி.

"சார், சாதாரணத் தோல் செல்லு என்ன ஆகும்னு இன்னும் பாக்கல. களிம்பு தோல் மேலதானே பூசப் போறோம்?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. கேன்சர் செல்லைத்தான் தேடிப் பிடிச்சுக் கொல்லும்."

"தோல் செல்லுல பாத்துட்டா..."

"உன் பாதி என்னாச்சு?"

"தீர்ந்துபோச்சு சார்." பெரும்பகுதி தொட்டி வழியாகப் போயிருந்ததை நான் விவரிக்கவில்லை.

"அப்ப பேசாம கிளம்பி வா. வார்டோட பாதியைத் தொட்டே, உன் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். புரியுதா?"

புரிந்தது. ஆராய்ச்சி மாணவனுக்கு மிக எளிதாகப் புரிகிற வாக்கியம் அதுதான்.

மறுநாள் முழுக்க குப்பியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதற்குள் இருப்பதைப் போய்ப் பூச வேண்டிய தோல் ஏற்கெனவே ஒரு முறை வெந்தது. மிச்சமிருக்கும் செல்கள்தான் ஓரத்திலிருந்து வளர்ந்து வந்து புண்ணை மூட வேண்டும். அவற்றின் காதிலும் இது "புறப்படு" என்று சொன்னால்? வெளியே ஒன்றும் தெரியாது. சீழ் இல்லை, வீக்கம் இல்லை. பார்க்கிற மருத்துவருக்குப் புண் சுத்தமாக இருக்கும். மூட மட்டும் மூடாது.

டாக்டர் லிம் அறைக்குப் போய்த் தோல் செல் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

"உங்க சார் திட்டமாட்டாரா?" என்று ரீட்டா கேட்டார்.

"திட்டுவார்."

"டிகிரி?"

"அவர் கையிலதான் இருக்கு."

"அப்புறம் என்னாத்துக்கு இந்த வேலை?"

"ஒரு அக்காகிட்ட மருந்து வரும்னு சொல்லியிருக்கேன்."

ரீட்டா முதல் தடவையாகக் கேலி எதுவும் பேசாமல் எனக்குக் கையுறையை எடுத்துக் கொடுத்தார். வார்டுக்கு வைத்திருந்த பாதி முழுவதும், குப்பியை அலசிய தண்ணீர் உட்பட, தோல் செல்களுக்குப் போனது.

காத்திருந்த சனிக்கிழமை மாமா என்னைத் தேக்கா சந்தைக்கு மீன் வாங்க இழுத்துப் போனார். வாழைப்பூவிலிருந்து ஆஸ்திரேலிய ஆட்டுக்கறி வரை ஒரே கூரையின் கீழ். சீனக் கடைக்காரர் தமிழில் விலை சொன்னார், மாமா மலாயில் பேரம் பேசினார், இருவரும் ஆங்கிலத்தில் சண்டை போட்டார்கள். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை.

"ஏன்டா தம்பி, எதையோ பறிகொடுத்தவன் மாதிரி வர்றே?"

"செல்லு சாகுமா, பிழைக்குமான்னு தெரியல மாமா."

"உனக்கு எது வேணும்? சாகணுமா, பிழைக்கணுமா?"

"பிழைக்கணும் மாமா. பிழைச்சா களிம்பும் ஆகும், பட்டமும் கிடைக்கும்."

"அப்ப சாமிய கும்புட்டுக்கோ."

"சாமி கும்பிட்டா ரிசல்ட் மாறிடக் கூடாதே மாமா."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிக்க வச்சா இதான்டா தொல்லை. நிம்மதியா ஒரு வேண்டுதலுக்குக்கூட லாயக்கில்லாமப் போயிடுறீங்க," என்று சொல்லிவிட்டு ஒரு பெரிய மீன் தலையைத் தேர்ந்தெடுத்தார்.

ஞாயிறு காலை, ரீட்டா பூசை முடிந்து நேராக ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். நான் எதையும் கொட்டவில்லை. பொடி படாத குடுவையில் தோல் செல்கள் சமர்த்தாகத் தரையோடு ஒட்டியிருந்தன. பொடி பட்ட குடுவையில் திரவம் கலங்கியிருந்தது. சாயத்தில் பாசிமணி, மாலையில் ஜெல்லில் ஏணி. எதற்கும் ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காத டாக்டர் லிம் வந்து ஏணியை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"குட்," என்றார்.

அந்த வார்த்தையை ஒரு நாள் அவரிடமிருந்து வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். இப்படி ஒரு சாவுக்கு வாங்குவேன் என்று நினைக்கவில்லை.

மாமா சாவியோடு ஓவர்டைமுக்கு ஜூரோங் போயிருந்தார். ஆகவே சிராங்கூன் சாலையில் பொதுத் தொலைபேசிக்கு வரிசையில் நின்றேன். ஞாயிறு மாலை அந்தத் தெருவில் நடக்க முடியாது, மிதக்கத்தான் முடியும். ஊரிலிருந்து வந்த வேலையாட்கள் குளித்து, பவுடர் பூசி, தலை வாரி, வீட்டுக்குப் பேச நின்றுகொண்டிருந்தார்கள். மனைவியிடம் கொஞ்சுவதையும் தம்பியிடம் எரிந்து விழுவதையும் வரிசை முழுவதும் சேர்ந்து கேட்டது. என் முறை வந்தது. பேராசிரியருக்குக் காது கொஞ்சம் மந்தம். கத்தித்தான் பேச வேண்டும்.

"சார், செத்துப்போச்சு சார்!"

பின்னால் வரிசையில் பேச்சு நின்றது.

"எல்லாம் செத்துப்போச்சு சார்! தோல் செல்லும் போச்சு. கேன்சர் செல்லைவிட சீக்கிரமாவே போச்சு!"

"நீ எதைப் போட்டுப் பார்த்தே?"

"வார்டோட பாதியை சார்."

"எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார். குப்பியையும் கழுவிட்டேன்."

நாணயங்கள் உள்ளே விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கையெழுத்து, பட்டம் என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் அதைப் பேசவே இல்லை. மெதுவாகத்தான் கேட்டார், அதனால் கேட்டது நான் அறிந்த பேராசிரியர்தானா என்றுகூட ஒரு கணம் சந்தேகம் வந்தது.

"வார்டுல டப்பாவே கொண்டுபோய் வச்சாச்சுடா. நாளைக்குக் காலையில அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"இன்னும் ஒண்ணும் பூசலைன்னு சொல்லுங்க சார்."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். காசு தீர்ந்து இணைப்பு அறுந்தது.

கருவியை மாட்டிவிட்டுத் திரும்பினேன். வரிசையே எனக்கு வழிவிட்டு நின்றது. எனக்கு அடுத்து நின்ற, என் வயதுதான் இருக்கும், புதுச் சட்டைக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "கேட்டேண்ணே. மனசத் தேத்திக்கங்க," என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "எத்தனை பேருண்ணே போனாங்க?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் போகல," என்றேன்.